அப்பாவின் வென்டிலேட்டரை எடுக்கச் சொல்வது குற்றமா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 78 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். பல வருடமாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. ஒரு நாள் விடியற்காலையில் தலைவலி என்றவர், வாந்தியெடுத்து அப்படியே நினைவிழந்தார். ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் சுமார் 70 மி.லி. ரத்தக்கசிவு. ரத்தம் மூளைக்குள் இருக்கும் நீரறைகளிலும் இறங்கியிருந்தது. சேர்க்கும்போது, நினைவுநிலையை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் 15-க்கு 4. அறுவைச் சிகிச்சையால் பயன் இல்லை என்று நிபுணர் அன்றே சொல்லிவிட்டார். இன்று 19-ஆம் நாள். வென்டிலேட்டர், ரத்த அழுத்தம் விழாமல் பிடித்துவைக்க நார்அட்ரினலின், மூன்று முறை டயாலிசிஸ், நிமோனியாவுக்கு இரண்டாவது தடவையாக மாற்றிய ஆன்டிபயாட்டிக். இதுவரை கண் திறக்கவில்லை. இப்போது தொண்டையில் துளையிடும் டிரக்கியோஸ்டமிக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், “பணம் நான் அனுப்புகிறேன், எதையும் நிறுத்தக் கூடாது” என்கிறார். தம்பி, “மூளைச்சாவு மாதிரிதானே, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம், அவர் கட்டின வீட்டில் உயிர் போகட்டும்” என்கிறார். பெரியப்பா முறையில் ஒருவர், வீட்டுக்கு வந்த பிறகு “எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும்” என்று காதோடு சொல்லியிருக்கிறார். அம்மாவோ, தான் கையைப் பிடித்தால் அவரும் திருப்பிப் பிடிக்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நான்கு வருடம் முன்பு சித்தப்பா ஐசியூவில் இறந்தபோது, “என்னை இப்படிக் குழாயில கட்டிப் போட்டுராதீங்கம்மா” என்று அப்பா இந்த மகளிடம் சொன்னாராம். எழுத்தில் எதுவும் இல்லை.

வாசகியின் கேள்விகள்: வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்தால் அது கொலையா? மகளான நான் கையெழுத்துப் போடலாமா, அண்ணன்தான் போட வேண்டுமா? எடுத்தால் அப்பா மூச்சுத் திணறி, பட்டினி கிடந்து துடிப்பாரா? வீட்டுக்குக் கொண்டுபோவது சரியா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் குடும்பம் இரண்டே வழிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒன்று, இதயம் தானாக நிற்கும்வரை எல்லாவற்றையும் தொடர்வது. இன்னொன்று, “மருத்துவர் அறிவுரைக்கு எதிராக” என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏற்றுவது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. மருத்துவமனையிலேயே, முறைப்படி, வலியும் திணறலும் இல்லாதபடி மருந்து கொடுத்து, இயந்திரங்களை விலக்குவது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இலிருந்து அனுமதித்திருக்கும் வழி அது. உங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது; அது உங்கள் பிழை இல்லை.

அப்பா இப்போது எங்கே நிற்கிறார்

முதலில் தம்பி சொன்னதைச் சரிசெய்துவிடுவோம். அப்பாவுக்கு மூளைச்சாவு ஏற்படவில்லை. கபம் உறிஞ்சும்போது இருமுகிறார், வென்டிலேட்டர் கொடுக்கும் மூச்சுக்கு மேல் அவராகவும் சில மூச்சு இழுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சையும் இருமலையும் இயக்கும் மூளைத்தண்டின் ஒரு பகுதி வேலை செய்கிறது என்று அதற்குப் பொருள். மூளைச்சாவு என்பது மூளைத்தண்டு மீளாதபடி முற்றிலும் செயலிழந்த நிலை; அதை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை உண்டு. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதிசெய்ய வேண்டும். அப்படி உறுதியானவர் சட்டப்படி இறந்தவர். உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். ஆகவே அவர் விஷயத்தில் வேறு விதிகள்.

அடுத்தது அம்மாவின் நம்பிக்கை. உள்ளங்கையில் விரலை வைத்தால் விரல்கள் மூடிக்கொள்வது, மூளையின் முன்பகுதி கடுமையாகச் சேதமடைந்தவர்களிடம் காணப்படும் ஓர் அனிச்சைச் செயல். பிறந்த குழந்தையிடம் நாம் எல்லோரும் பார்ப்பதும் அதுதான். கொட்டாவி, கண்ணோரம் வழியும் நீர், முகச்சுளிப்பு ஆகியவையும் நினைவு இல்லாமலே வரும். அம்மாவிடம் “அதெல்லாம் சும்மா” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரை அம்மா பக்கத்தில் நிற்கவைத்து, “கையை விடுங்க ஐயா, ரெண்டு விரலை நீட்டுங்க” என்று அப்பாவிடம் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதைச் செய்தால்தான் அது உணர்வு. இந்தச் சோதனையை மயக்க மருந்து நிறுத்திக் குறைந்தது ஒரு நாளாவது ஆன பின் செய்ய வேண்டும். சிறுநீரகம் கெட்டவரின் உடலில் மிடசோலம் போன்ற மருந்துகள் நீண்ட நேரம் தங்கும். இப்போது மயக்க மருந்து ஓடுகிறதா, எப்போது நிறுத்தினார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

குணமாவாரா என்ற கேள்விக்கு வருகிறேன். மூளை ரத்தக்கசிவுக்கு 2001-இல் வகுத்த ஒரு மதிப்பெண் முறை உண்டு. கிளாஸ்கோ 3 அல்லது 4 என்றால் 2. கசிவு 30 மி.லி. அல்லது அதற்கு மேல் என்றால் 1. நீரறைக்குள் ரத்தம் இருந்தால் 1. மூளையின் கீழ்ப்பகுதியில் கசிவு என்றால் 1. வயது 80 அல்லது அதற்கு மேல் என்றால் 1. உங்கள் அப்பாவுக்கு 4 வருகிறது. அந்த முதல் ஆய்வில் 4 பெற்றவர்களில் 97 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். இந்த எண்ணை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. “பிழைக்க மாட்டார்” என்று முன்கூட்டியே சிகிச்சையை நிறுத்தியதாலும் இத்தகைய ஆய்வுகளில் இறப்பு கூடியிருக்கும் என்ற நியாயமான விமர்சனம் இருக்கிறது. முதல் 48 மணி நேரத்தில் அவசர முடிவு வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதும் அதனால்தான். ஆனால் நீங்கள் 19 நாள் கொடுத்திருக்கிறீர்கள். இதற்கிடையில் நினைவு திரும்பவில்லை. சிறுநீரகமும் ரத்த ஓட்டமும் நுரையீரலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்திருக்கின்றன. மதிப்பெண்ணைவிட இந்தப் போக்குதான் முக்கியம். படுக்கையருகே நின்று பார்க்கும் மருத்துவர் மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும். ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அப்பா எழுந்து உட்கார்ந்து உங்களோடு பேசும் நாள் வரும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கொலையா?

இல்லை. உயிரைப் போக்கும் நோக்கத்தோடு ஊசி போடுவது இந்தியாவில் குற்றம். குடும்பம் கேட்டாலும், நோயாளியே கேட்டாலும் குற்றம். பயனளிக்காத செயற்கைத் தாங்கலை விலக்கி, நோயை அதன் போக்கில் விடுவது அதிலிருந்து வேறு. மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை ஏற்றது. ஆனால் ஒவ்வொரு முறையும் உயர் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது. 2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்து, மருத்துவமனை அளவிலேயே முடிவெடுக்கும் நடைமுறையை வகுத்தது. அது நடைமுறையில் மிகவும் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று எளிமையாக்கியது. இன்று நடப்பில் இருப்பது அந்த 2023 வடிவம்.

“தொடங்காமல் இருப்பது சரி, தொடங்கியதை எடுப்பதுதான் பாவம்” என்று பலர் நினைக்கிறார்கள், மருத்துவர்களிலும் உண்டு. மருத்துவ அறமும் சட்டமும் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைக்கின்றன. எடுக்கவே முடியாது என்றால், பிழைக்க வாய்ப்புள்ளவருக்குக்கூட வென்டிலேட்டர் வைக்கக் குடும்பம் பயப்படும். வைத்துப் பார்த்தது சரி. பலன் இல்லை என்று தெரிந்த பின் விலக்குவதும் அதே அளவு சரி.

பெரியப்பா சொன்னது இதில் எதிலும் சேராது. எண்ணெய்க் குளியல், இளநீர் என்று தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் நடப்பது கொலை. செய்தவர், உடனிருந்தவர், யோசனை சொன்னவர் எல்லோரும் வழக்கில் மாட்டுவார்கள். அதைவிடக் கொடுமை, நோயாளி குளிரில் நடுங்கி, நுரையீரலில் நீர் இறங்கித் திணறிச் சாவது. பெரியவர் மனம் புண்படுமே என்று தயங்க வேண்டாம். “அந்தப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம்” என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

சட்டம் சொல்லும் படிகள்

அப்பா முறைப்படி எழுதிவைத்த முன்விருப்ப ஆவணம் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கான வழி இது:

1. சிகிச்சை தரும் மருத்துவர், குணமாகும் வாய்ப்பில்லை என்று மருத்துவமனைக்குத் தெரிவிக்கிறார். மருத்துவமனை முதல்நிலைக் குழுவை அமைக்கிறது. அதில் அந்த மருத்துவரும், அந்தத் துறையில் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் இருப்பார்கள்.

2. குழு குடும்பத்தோடு உட்கார்ந்து நன்மை தீமைகளை விளக்கி, பேசியதை எழுத்தில் பதிய வேண்டும். நீங்கள் எழுத்தில் சம்மதித்தால், குழு கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்லும்.

3. இரண்டாம்நிலைக் குழு வேறு ஆட்களைக் கொண்டது. முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு பதிவுபெற்ற மருத்துவரும். தமிழ்நாட்டில் மாவட்ட மருத்துவ நிர்வாகம் இணை இயக்குநர் பொறுப்பில் இருப்பதால் மருத்துவமனை அங்கே எழுதிக் கேட்க வேண்டும். இவர்கள் நேரில் வந்து நோயாளியைப் பரிசோதிப்பார்கள்.

4. இரண்டு குழுவும் ஒத்துக்கொண்டால், மருத்துவமனை நீதித்துறை நடுவருக்குத் தகவல் கொடுத்துவிட்டுச் செயல்படுத்தலாம். தகவல் மட்டும் போதும். அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

5. இரண்டாம் குழு மறுத்தால் குடும்பமோ மருத்துவரோ உயர் நீதிமன்றத்தை அணுகலாம். உங்களுக்கு மதுரைக் கிளை.

எங்கே சிக்கும் என்றால் மூன்றாவது படியில்தான். பல தனியார் மருத்துவமனைகள் இந்தக் குழுக்களை இதுவரை அமைத்ததே இல்லை; நிர்வாகம் “நமக்கேன் வம்பு” என்று ஒதுங்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புவதை எளிதாக நினைக்கிறது. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தத் தன் மருத்துவமனைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் மருத்துவமனை தயங்கினால், வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், “2023 ஜனவரி 24 உச்ச நீதிமன்ற உத்தரவின்படி முதல்நிலை மருத்துவக் குழு அமைக்கக் கோருகிறோம்” என்ற வரி, அம்மா, நீங்கள், அண்ணன், தம்பி நால்வரின் கையெழுத்து. நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். எழுத்தில் வந்த கோரிக்கைக்கு நிர்வாகம் பதில் சொல்லாமல் இருப்பது கடினம்.

குழுக்கள் கூடும்வரை செய்யக்கூடிய ஒன்று உண்டு. இதயம் நின்றால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்ற தனி முடிவு. இதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎம்ஆர், 2020-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மற்ற சிகிச்சைகள் அப்படியே தொடரும். 78 வயது உடலில் அந்த அழுத்தத்தால் விலா எலும்புகள் முறியும். இந்த நிலையில் அதனால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை. மருத்துவர் உங்களோடு பேசி, நோயாளியின் பதிவேட்டில் காரணத்தோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனால், இரவு டியூட்டி மருத்துவருக்கு அது தெரியாது; அவர் அழுத்தத்தான் செய்வார்.

கையெழுத்து யாருடையது

மூத்த மகனுக்கு என்று சட்டம் தனி அதிகாரம் எதையும் கொடுக்கவில்லை. மகளின் கையெழுத்துக்கும் அதே மதிப்பு. நெருங்கிய உறவு என்று பார்த்தால் முதலில் நிற்பவர் அம்மா. ஆனாலும் பிள்ளைகளில் ஒருவர் எதிர்த்தால் எந்த மருத்துவரும் தொடத் தயங்குவார். ஆகவே அண்ணனைச் சேர்த்துக்கொள்ளாமல் முடியாது. சேர்க்காமல் விடுவதும் நியாயமாகாது.

தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் “எதையும் நிறுத்தாதே” என்பது மிகச் சாதாரணம். படுக்கையருகே நிற்பவருக்கு 19 நாளில் மெல்ல மெல்லப் புரிந்தது, தொலைபேசியில் கேட்பவருக்குப் புரியாது. போன வருடம் பார்த்த, வாசல்வரை வந்து வழியனுப்பிய அப்பாதான் அவர் கண்ணில் இருக்கிறார். கூட இருந்து பார்க்க முடியவில்லை என்ற குற்றவுணர்வையும் பணத்தால் ஈடுகட்டப் பார்ப்பார். அதனால் நீங்கள் வாதாட வேண்டாம். மருத்துவரிடம் அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லி, அண்ணனை வீடியோ அழைப்பில் வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் கேளுங்கள். ஆளாளுக்குத் தனித்தனியாக டாக்டரைப் பிடித்துக் கேட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கேட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை:

• மிகச் சிறப்பாக எல்லாம் நடந்தால், ஆறு மாதம் கழித்து அப்பா எப்படி இருப்பார்? பேசுவாரா, எங்களை அடையாளம் தெரியுமா?

• நார்அட்ரினலின் அளவு ஐந்து நாளாகக் கூடுகிறதா, குறைகிறதா?

• டிரக்கியோஸ்டமி செய்வது எதை மாற்றும், எதை மாற்றாது?

• இன்னும் எத்தனை நாள் பார்த்தால் உங்களுக்கே தெளிவு வரும்?

கடைசிக் கேள்வி அண்ணனுக்காக. உடனே ஒத்துக்கொள்ள முடியாவிட்டால், 3 முதல் 7 நாள் வரை கெடு வைத்துச் சிகிச்சையைத் தொடரலாம். ஆனால் எதைப் பார்த்து முடிவு செய்வோம் என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்: கண் திறக்கிறாரா, சொன்னதைச் செய்கிறாரா, நார்அட்ரினலின் இல்லாமல் ரத்த அழுத்தம் நிற்கிறதா. அளவுகோல் இல்லாத “இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்” முடிவே இல்லாமல் நீளும். அண்ணன் வந்து முகம் பார்க்க வேண்டும், கொள்ளி வைக்க வேண்டும் என்பது காத்திருப்பதற்குத் தகுந்த காரணம்தான். விமானம் எந்தத் தேதி என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அடைப்பு நட்சத்திரம் என்று நாள் பார்க்கும் குடும்பமாக இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லலாம். ஓரிரு நாள் தள்ளுவதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் குழாயை எடுத்த பின் எத்தனை மணி நேரம் என்பது யார் கையிலும் இல்லை.

பேச்சு சுற்றிச் சுற்றி “அப்பாவை விட்டுவிடலாமா” என்றே வரும். அதைத் திருப்புங்கள். அப்பா பத்து நிமிடம் விழித்து, தன் நிலையைத் தானே பார்த்தால் என்ன சொல்வார் என்று கேளுங்கள். சித்தப்பா இறந்தபோது அவர் சொன்னது சட்ட ஆவணம் ஆகாது. ஆனாலும் அவர் விருப்பத்துக்கு உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய சாட்சி அதுதான். எந்த நாள், யார் கூட இருந்தார்கள், என்ன வார்த்தை என்று எழுதிக் குழுவிடம் கொடுங்கள்.

பணத்தைப் பற்றி யோசிப்பது குறித்து வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் வைத்தியத்துக்கும் அவர் தங்கும் வீட்டுக்கும் என்ன மிஞ்சும் என்று நினைப்பது அப்பாவுக்குச் செய்யும் துரோகம் இல்லை. அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

டிரக்கியோஸ்டமி

வாய்வழிக் குழாய் இரண்டு வாரம் தாண்டினால் குரல்வளை புண்ணாகும் என்பதால் இதைக் கேட்பது வழக்கம். சின்ன அறுவைச் சிகிச்சைதான். ஆனால் அது பாதை பிரியும் இடம். மூளைக்கு அதனால் எதுவும் ஆகாது. சில வேளை நோயாளி வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சுவிடும் நிலைக்கு வந்து, நினைவில்லாமலே மாதக்கணக்கில் கிடப்பார். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, இரவு பகலாகக் கபம் உறிஞ்சுவது, மூக்குக் குழாயில் உணவு, அடிக்கடி நிமோனியா என்ற வாழ்க்கை அது. தெரிந்தே ஏற்கும் குடும்பங்கள் உண்டு, அதில் தவறில்லை. தெரியாமல் கையெழுத்திடுவதுதான் தவறு. குடும்பக் கூட்டம் முடியும்வரை அந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். “கூட்டத்துக்குப் பின் சொல்கிறோம்” என்றால் மருத்துவர்கள் காத்திருப்பார்கள், அது அவசரச் சிகிச்சை இல்லை.

வீட்டுக்குக் கொண்டுபோவது

தம்பியின் ஆசை மரியாதைக்குரியது. வழக்கமாக நடக்கும் விதம்தான் சரியில்லை. ஆம்புலன்ஸில் ஒருவர், மூச்சுக் கொடுக்கும் காற்றுப் பையைக் கையால் அழுத்திக்கொண்டே வருவார். வீட்டுத் திண்ணையில் இறக்கியதும் குழாயை உருவிவிட்டுப் போய்விடுவார். பிறகு கபம் தொண்டையில் கடகடக்க, மூச்சு இழுக்க இழுக்க, மணிக்கணக்கில் குடும்பம் சுற்றி நின்று பார்க்கும். கையில் மார்ஃபின் இல்லை, செவிலியர் இல்லை. பார்த்தவர்கள் அதை வாழ்நாள் முழுக்க மறப்பதில்லை. உங்கள் அப்பா நார்அட்ரினலினில் இருப்பதால் வழியிலேயே இறக்கவும் கூடும்.

வீடுதான் என்றால் ஏற்பாட்டோடு போக வேண்டும். மருத்துவமனை தரும் சுருக்கத்தில் நோயும், குணமாக வாய்ப்பில்லை என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளூர் மருத்துவர் இறப்புக்கான மருத்துவச் சான்று தரத் தயங்குவார், 21 நாளுக்குள் இறப்பைப் பதியும்போது அலைச்சல். தோலுக்கடியில் ஊசி வைத்து மார்ஃபின் கொடுக்க ஒரு மருத்துவரோ செவிலியரோ வீட்டுக்கு வர வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வலிநிவாரணப் பராமரிப்பும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். காப்பீடு இருந்தால், “அறிவுரைக்கு எதிராக” என்ற சொல் பதிவாவதால் தொகை பாதிக்குமா என்று காப்பீட்டு மேசையில் முன்பே விசாரியுங்கள். இத்தனையும் கூடிவரவில்லை என்றால், மருத்துவமனையில் ஒரு தனி அறையே அப்பாவுக்கு நல்லது.

குழாயை எடுக்கும்போது என்ன நடக்கும்

துடிப்பாரா என்று கேட்டிருந்தீர்கள். முறையாகச் செய்தால் துடிக்க மாட்டார். சில மணி நேரம் முன்பே மூக்குக் குழாய் உணவை நிறுத்துவார்கள், வயிற்றில் இருப்பது மேலேறாமல் இருப்பதற்காக. ரத்தப் பரிசோதனை, டயாலிசிஸ், ஆன்டிபயாட்டிக் நிற்கும். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் அது முற்றிலும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் படும் சிரமம் வெளியே தெரியாமல் போகும். தொண்டைச் சளி குறைய கிளைகோபைரோலேட் 0.2 மி.கி. கொடுப்பார்கள். மார்ஃபின் 2 முதல் 5 மி.கி., மிடசோலம் 1 முதல் 2 மி.கி. என்று நரம்பு வழியாகத் தொடங்கி, மூச்சு வேகமும் முகச்சுளிப்பும் அடங்கும்வரை மெல்லக் கூட்டுவார்கள். பிறகுதான் வென்டிலேட்டரின் தாங்கலைப் படிப்படியாகக் குறைத்துக் குழாயை எடுப்பார்கள். மானிட்டரின் சத்தத்தை அணைத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் அப்பாவை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மார்ஃபின்தான் கொன்றுவிடும் என்ற பயம் பரவலானது. திணறலுக்கு ஏற்ப அளந்து கொடுக்கும் மார்ஃபின், மூச்சுத் தவிப்பைத் தணிக்கிறது. மரணத்துக்குக் காரணம் மூளைக்கசிவு. பட்டினி என்ற கவலைக்கும் பதில் அதேதான். இறக்கும் உடல் உணவைப் பயன்படுத்தாது. திணித்தால் வயிறு உப்பி, நுரையீரலில் இறங்கும். பால் ஊற்றுவது, துளசித் தீர்த்தம், விபூதி எல்லாம் செய்யலாம். பஞ்சில் நனைத்து உதட்டில் தடவுங்கள், தொண்டைக்குள் ஊற்ற வேண்டாம். உங்கள் அப்பா போன்ற நிலையில் பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து ஒரு நாளுக்குள் முடியும். அபூர்வமாகச் சில நாள் நீளும். நீண்டால் மறுபடி வென்டிலேட்டர் வைக்க மாட்டார்கள், மருந்தும் பராமரிப்பும் தொடரும். இடையில் மூச்சு விட்டு விட்டு வரும், ஒரு பெருமூச்சுக்குப் பின் நீண்ட இடைவெளி இருக்கும். அது இறக்கும் மூளையின் இயல்பு. அம்மாவுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள்.

போலீஸ், பிரேதப் பரிசோதனை பற்றிக் கேட்டீர்கள். விபத்தோ விழுந்த காயமோ காரணம் என்று சேர்க்கும்போது பதிவாகியிருந்தால்தான் அவை வரும். இயற்கையான நோயால் இறப்பவருக்கு மருத்துவமனையே சான்று தரும். அப்பாவின் நிலையில் பெரிய உறுப்புகளைத் தானம் செய்யும் வழி பெரும்பாலும் இல்லை. கண்தானம் செய்யலாம்: வயது தடையில்லை, கருவிழியை 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். விருப்பமிருந்தால் கண்வங்கி எண்ணை முன்பே செவிலியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும்.

“எனக்கு இப்படி ஒரு நிலை வேண்டாம்” என்று அம்மா அழுததாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது அவசரப்படுத்த வேண்டாம். காரியங்கள் முடிந்து சில மாதம் கழித்து அவரே மறுபடி பேச்செடுத்தால் எழுத்தாக்கிவிடுங்கள். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம், தன்னால் சொல்ல முடியாதபோது யார் பேச வேண்டும் என்பதை அம்மா எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் உறவினராக இல்லாமல் இருப்பது நல்லது. நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றொப்பமிட்டால் போதும், 2018-இல் கேட்டதுபோல் நடுவரிடம் போக வேண்டியதில்லை. ஒருவருக்கு மேற்பட்டவரைப் பெயர் குறிப்பிடலாம். உங்களையும் அண்ணனையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். ஒரு பிரதி குடும்ப மருத்துவரிடம், ஒன்று உள்ளாட்சி அலுவலகத்தில், ஒன்று உங்களிடம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம் என்பதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லுங்கள்.